லாரி ஓட்டிய உழவரை எப்படி நினைவுகூர்வது?

வடசென்னையில் ஒருவர் இறந்துவிட்டால் அன்று மாலைக்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டிவிடுகிறார்கள். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள், நடுவில் படம், கீழே மனைவி, மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள், நண்பர்கள் என்று நீளமான பெயர் வரிசை. போனவருக்கு எத்தனை பேர் சொந்தம் என்பது அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பது மட்டும் தெரியாது. நாளிதழில் வரும் இரங்கல் விளம்பரமும் இப்படித்தான். ஊரில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும், இராயபுரம், எண்ணூர்ச் சாலைகளில் முப்பது ஆண்டு லாரி ஓட்டமும், எதிரே நிற்பவர் யாரானாலும் வாயடைக்க வைக்கும் கேலிப் பேச்சும், யாருக்கும் புரியாத நாலைந்து தனிப் பழக்கங்களுமாக வாழ்ந்த ஒருவர் காரியம் முடிவதற்குள் வெறும் ‘லாரி டிரைவர்’ ஆகிவிடுகிறார். இது நியாயமில்லை என்பதோடு, இதனால் நாம் இழப்பது மிகப் பெரியது என்பதும் என் வாதம். அப்படிப்பட்டவரின் கேலியையும் கிறுக்கையும் துணுக்குச் செய்திகளாக எண்ணி ஒதுக்குகிறோம். அவருடைய தொழிலறிவும் தன்மானமும் அவற்றுக்குள்தான் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு எழுதப்படும் எந்த அஞ்சலியும் வேறு யாரோ ஒருவரைப் பற்றியதாகவே முடியும்.

இந்தப் பேச்சை வடசென்னையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு லாரிக்கு வேண்டியவை ஏறத்தாழ முழுமையாக இந்தக் கடற்கரைப் பட்டையிலேயே கிடைத்தன. 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைத்தான் உருவாக்கிக்கொண்டிருந்தது. பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டு, 1955இல் அசோக் லேலண்ட் ஆன பிறகு கனரக வாகனங்களே அதன் அடையாளம் ஆயின. அதே எண்ணூர்ச் சாலையில் சற்றுத் தெற்கே, திருவொற்றியூரில், 1946இல் கே.எம். மாம்மென் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். பின்னாளில் நாடெங்கும் லாரிச் சக்கரங்களில் ஏறிய எம்.ஆர்.எஃப். டயரின் தொடக்கம் அந்தக் கொட்டகைதான். கொசஸ்தலை ஆறு சுற்றிவரும் மணலியில் 1965இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969 முதல் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து டீசலாக்கித் தந்தது. ஏற்றவும் இறக்கவும் 1881 முதல் இயங்கும் சென்னைத் துறைமுகம் ஒரு பக்கம், 2001இல் வந்த எண்ணூர்த் துறைமுகம் இன்னொரு பக்கம். சேஸிஸ், டயர், டீசல், சரக்கு என்று ஒரு லாரிக்கு வேண்டிய நான்கும் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் கிடைத்த இடம் இந்தியாவில் அதிகம் இல்லை. இந்த நான்குக்கும் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. நிறுவனர்களின் வாழ்க்கை நூல்களாகவும், ஆண்டறிக்கைகளாகவும், பொன்விழா மலர்களாகவும் அது பாதுகாக்கப்படுகிறது. ஐந்தாவதாக ஒருவர் வேண்டும் அல்லவா? அவர் வெளியூரிலிருந்து வந்தார், அவருக்கு மலர் போடவில்லை. ரகுநந்தன் சரண் தன் மகன் அசோக்கின் பெயரை நிறுவனத்துக்கு வைத்தார் என்பதை வணிக வரலாறு குறித்துவைத்திருக்கிறது. அதே வண்டியின் நெற்றியில் ஓட்டுநர் தன் மகளின் பெயரை வண்ணத்தில் எழுதிவைத்ததும் அதே அன்பினால்தான். அந்தப் பெயர் அடுத்த முறை வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அழிந்துவிடுகிறது.

அந்த ஐந்தாவது மனிதர் யார்? பொன்னேரி, செங்குன்றம் பக்கத்து உழவர் குடும்பங்களிலிருந்து ஒரு பகுதியினர் வந்தார்கள். பெருமளவில் வந்தவர்கள் மேற்கேயிருந்து, நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று மழையை நம்பிய வறண்ட நிலப்பகுதியிலிருந்து. கிணறு வற்றிய ஆண்டில் மாட்டை விற்று, நகையை அடகுவைத்து, நாலு பேர் கூட்டாகப் பணம் போட்டு வண்டி வாங்கிய குடும்பங்கள் அங்கே ஏராளம். கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, ஒற்றை வண்டிக்கு உரிமையாளராவது என்பது அந்தப் பகுதியின் அறியப்பட்ட பாதை. எண்ணூரிலிருந்து வெறும் சேஸிஸாகப் புறப்படும் வண்டி நாமக்கல்லுக்குப் போய், அங்கே தச்சரும் கொல்லரும் சேர்ந்து கட்டிய பாடியோடு திரும்பி, எண்ணூருக்கே லோடு ஏற்ற வரும். சமையல் எரிவாயுவை ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகளின் தென்னிந்திய உரிமையாளர் சங்கம் நாமக்கல்லில் இருப்பதும், நாட்டின் எந்த மூலையில் போர் போட்டாலும் திருச்செங்கோட்டு ரிக் லாரி வந்து நிற்பதும் தற்செயல் அல்ல. தண்ணீர் இல்லாத நிலம்தான் அந்த மக்களைச் சாலைக்கு அனுப்பியது. சாலைக்கு வந்த பிறகும் அவர்கள் உழவர்களாகவே இருந்தார்கள். விதைப்புக்கும் அறுப்புக்கும் ஊருக்குப் போய்விடுவதும், ஆயுத பூஜையன்று ஏருக்கு வைத்த அதே சந்தனத்தை ஸ்டியரிங்குக்கும் வைப்பதும், இன்ஜின் சத்தம் மாறியதைக் காதால் கேட்டே கோளாறைச் சொல்வதும், வானத்தைப் பார்த்துத் தார்ப்பாய் கட்டுவதும் நிலத்தில் கற்றவை.

இந்த வேலையின் உண்மையான தன்மை ஓட்டத்தில் இருப்பதைவிடக் காத்திருப்பில்தான் இருக்கிறது. கன்டெய்னர் முனையம் சென்னைத் துறைமுகத்தில் 1983இல் தொடங்கியது. சரக்கு பெருகிய வேகத்துக்குச் சாலை பெருகவில்லை. காசிமேடு ஜீரோ கேட்டிலிருந்து எண்ணூர்ச் சாலை நெடுக டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பது வடசென்னைக்காரர்களுக்குத் தினசரிக் காட்சி. எண்ணூர் – மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. துறைமுகத்தையும் மதுரவாயலையும் இணைக்கும் உயர்மட்டச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள், 2012இல் வேலை நின்றது, 2022இல் மறுபடியும் அடிக்கல் நாட்டினார்கள். 1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு விதித்தது. வரிசையில் நிற்கும் நேரத்தை அந்தக் கணக்கில் நேர்மையாகச் சேர்த்தால் பலருடைய வாரம் புதன்கிழமையே முடிந்திருக்கும். பெரிய லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்ற விதி 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்குத்தான் வந்திருக்கிறது. அதாவது எண்ணூரில் வண்டி செய்யத் தொடங்கி முக்கால் நூற்றாண்டுக்கு மேல், கால்மாட்டில் இன்ஜின் சூடும் தலைமாட்டில் தகரச் சூடுமாக ஒரு தலைமுறை முழுக்க ஓட்டி முடித்துவிட்டது.

இந்தச் சூட்டிலும் காத்திருப்பிலும்தான் அந்தக் கேலிப் பேச்சு விளைந்தது. அதை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஓட்டுநர் முதலாளியிடம் ‘முடியாது’ என்று நேரே சொல்ல முடியாதவர், செக்போஸ்டில் வாதம் செய்ய முடியாதவர், யார்டு எழுத்தரின் முகம் கோணினால் ஒரு நாள் படியை இழப்பவர். இவர்கள் எல்லோரிடமும் தன் மரியாதையை விட்டுக்கொடுக்காமல் பேச அவருக்குக் கிடைத்த ஒரே வழி சிலேடை. சொன்னதைப் புகாராக எடுத்துக்கொள்ளவும் முடியாது, கேட்காதது போல் போகவும் முடியாது. அடுத்ததாக, ஓட்டுநர்கள் வைக்கும் பட்டப்பெயர்கள். வண்டிக்கு ஒன்று, வளைவுக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று, அதிகாரிக்கு ஒன்று என்று வைத்துவிடுவார்கள். எந்தப் பாலத்தில் டிரெய்லரின் பின்பக்கம் இழுக்கும், எந்த யார்டில் சீட்டு தாமதமாகும், எந்தக் கடையில் கடன் கிடைக்கும் என்ற விவரங்கள் அந்தப் பெயர்களுக்குள் மடித்துவைக்கப்பட்டிருக்கும். புதிதாக வரும் கிளீனர் பையன் தொழிலைக் கற்பது அந்தச் சிரிப்பின் வழியாகத்தான். அவனுக்கு வேறு பாடப்புத்தகம் கிடையாது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்தபோது செய்தது இத்தகைய சொற்களைத் திரட்டியதுதான். இடைசெவல் என்ற சிற்றூரில் உழுதுகொண்டிருந்த அந்த எழுத்தாளர், பள்ளிக்கு மழைக்காக ஒதுங்கியபோதும் மழையையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான் என்ற பொருளில் தன் படிப்பைச் சொல்லிக்கொண்டவர். சம்சாரிகள் பேசிச் சிரித்த சொற்களுக்குள் மண், மாடு, மழை பற்றிய அறிவு முழுக்க இருக்கிறது என்று கண்டு, அதை அகராதியாக்கும் அளவுக்கு மதித்தார். எண்ணூர்ச் சாலைச் சொற்களுக்கு அப்படி ஒருவர் இன்னும் வாய்க்கவில்லை.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், கிறுக்குத்தனத்தை ஏன் போற்ற வேண்டும் என்று கேட்கலாம். கிறுக்கு என்று எதைச் சொல்கிறோம் என்பது சொல்லப்படுகிறவரின் செல்வத்தைப் பொறுத்தே இருக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே மிகச் சிறந்த சான்று ஜி.டி. நாயுடு. 1893 மார்ச் 23 அன்று கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் உழவர் வீட்டில் பிறந்தவர். பள்ளியில் நிலைக்கவில்லை. சாலையில் மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டு ஆசைப்பட்டு, கோவையில் உணவு விடுதியில் வேலைசெய்து காசு சேர்த்து, அதை வாங்கி, ஓட்டுவதற்கு முன் கழற்றிப் பார்த்தார். 1920இல் ஒரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டியிலிருந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் வளர்ந்தது. பேருந்து முதலாளியான பிறகும் நிலத்தை விடவில்லை. பருத்தியிலும் பப்பாளியிலும் விதவிதமாகச் சோதனை செய்துகொண்டே இருந்தார். அரசின் வரிக்கொள்கை பிடிக்காமல், தன் நிறுவனத்தில் செய்த பொருள்களைப் பொதுவெளியில் தானே உடைத்துக் காட்டியவர். இத்தனை வருடம் எதற்குப் பொறியியல் படிப்பு, அதைச் சுருக்குங்கள் என்று சண்டை போட்டவர். 1974 ஜனவரி 4இல் அவர் மறைந்த பிறகும் இந்தச் செய்திகளைத் தமிழர்கள் ஆசையோடு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அருங்காட்சியகம் இருக்கிறது, ஆவணப்படம் இருக்கிறது. நான் கவனப்படுத்த விரும்புவது, அவரைப் பற்றி ஊர் நினைவில் வைத்திருப்பவற்றில் பெரும்பகுதி கணக்குவழக்கு அல்ல, இந்த விசித்திரங்கள்தான் என்பதை. வாங்கிய வண்டியை ஓட்டாமல் கழற்றிப் போட்டது என்ற ஒரே செய்தியில் அந்த மனிதரின் மூளை எப்படி வேலை செய்தது என்பது விளங்கிவிடுகிறது. இதே உழவர் – ஓட்டுநர் மனப்பாங்கு கொண்டவர்கள், பழைய வண்டிப் பாகங்களில் களைக்கருவி செய்தவர்கள், பழுதான டைனமோவில் மாட்டுத்தொழுவத்துக்கு விளக்குப் போட்டவர்கள், ஊர்தோறும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் நிறுவனம் தொடங்கவில்லை. ஆகவே அவர்களுடைய கிறுக்கு கிறுக்காகவே நின்றுவிட்டது, மேதைமை என்ற பெயர் அதற்குக் கிடைக்கவில்லை. நாயுடுவின் அருமையை இது குறைக்கவில்லை. நினைவுகூரும் கலை நமக்குத் தெரியாது என்ற சாக்கு மட்டும் இனி செல்லாது.

அந்தக் கலை வடசென்னைக்கும் புதிதல்ல. திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகச் செல்வத்தை உதறிவிட்டு வந்தவர், கடைசிக் காலத்தில் இந்தக் கடற்கரையில் சிறுவர்களோடு ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தார் என்றும், தன்னை மூடச் சொல்லி, திறந்து பார்த்தபோது லிங்கமாகியிருந்தார் என்றும் மரபுக்கதை சொல்கிறது. வயதானவர் சிறுவர்களோடு விளையாடிய செய்தியை மக்கள் வெட்கப்பட்டு மறைக்கவில்லை, அதையே அவருடைய முத்திக் கதையாக்கினார்கள். இராயபுரத்தில் குணங்குடி மஸ்தான் சாகிபின் தர்கா. தொண்டிக்கு அருகே குணங்குடியிலிருந்து வீடு வாசலைத் துறந்து இங்கு வந்து, 1838இல் மறைந்த அந்தச் சூஃபி, பித்தர் என்று பெயர் பெற்றவர். கானாப் பாடகர்கள் தங்கள் முன்னோடிகளுள் ஒருவராகச் சொல்லிக்கொள்வதும் அவரைத்தான். தொழிற்சாலைகளுக்கு முன்பே ஊர்ப்போக்குக்கு ஒத்துவராதவர்களை மதித்துவந்த மண் இது. இன்னும் பின்னே போனால் நடுகல் மரபு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, எருமைகளைக் காக்கும்போது உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அவனோடிருந்த கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்தது என்பதையும் கல்லில் வெட்டிவைத்திருக்கிறது, நாயையும் அருகில் செதுக்கியிருக்கிறது. ஏறத்தாழப் பதினான்கு நூற்றாண்டுகள் கழித்தும் அந்த மனிதன் நம் கண்ணுக்குத் தெரிவது அந்த நாயால்தான். வீரன் என்று மட்டும் எழுதியிருந்தால் ஆயிரத்தில் ஒருவனாகப் போயிருப்பான்.

நடுகல் செய்த வேலையை இன்று இந்தப் பகுதியில் ஓரளவு செய்துகொண்டிருப்பது மரண கானா. தலித் குடியிருப்புகளில் வேர்பிடித்து வளர்ந்த இந்தப் பாட்டில், பந்தலுக்குக் கீழே சடலத்தைச் சுற்றி உறவும் நட்பும் உட்கார்ந்திருக்க, டோலக்கும் தாளமுமாக இரவெல்லாம் பாடுகிறார்கள். வாழ்க்கை நிலையாமை, தாய்ப்பாசம், நட்பு என்று பொதுவான பாட்டுகள் நடுவே, இறந்தவரின் பெயர், பிள்ளைகள் பெயர், அவர் வேலை, அவர் வழக்கம் எல்லாவற்றையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொண்டு பாட்டில் கோத்துவிடுவது பாடகரின் திறமை. மரண கானா விஜி போன்றோர் அந்தக் கலையையே பெயராகச் சுமக்கிறார்கள். கானா பாலாவால் அது திரைப்படத்துக்குப் போனது. 2018 ஜனவரியில் முதல் நிகழ்ச்சி நடத்திய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ அதை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தது. அழுகைக்கு நடுவே அவர் செய்த சேட்டை ஒன்று பாட்டில் வந்து, கூட்டம் கண்ணீரோடு சிரிக்கும் அந்தக் கணத்தில் நடப்பது என்ன? பதாகை விட்டுவிட்ட மனிதர் திரும்பி வருகிறார். இதைவிட நேர்மையான இரங்கல் வடிவம் நம் நகரத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் லாரி ஓட்டிய உழவருக்கு இதிலும் பாதிதான் கிடைக்கிறது. மேற்கு மாவட்டத்துக்காரர் இங்கே இறந்தால் உடல் ஊருக்குப் போய்விடும். அங்கே ஒப்பாரி வைக்கும் பெண்கள் அவர் நிலத்தை, பிறந்த குடியை, பெண் எடுத்த வீட்டைப் பாடுவார்கள். முப்பது ஆண்டு அவர் என்ன ஓட்டினார், ஜீரோ கேட்டில் யாரையெல்லாம் சிரிக்கவைத்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது. இங்கே டீக்கடையிலும் பஞ்சர் கடையிலும் அவரைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறவர்களுக்கு அவர் எந்த ஊர்க்காரர், வரப்பில் நின்று என்ன செய்தார் என்பது தெரியாது. ஊர் உழவரை அறியும், துறைமுகம் ஓட்டுநரை அறியும். இரண்டும் ஒருவர்தான் என்று இரண்டு இடமும் சேர்ந்து பேசுவதே இல்லை. 1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததிலிருந்து வடசென்னையின் ஆலைத் தொழிலாளர் பற்றி ஆய்வுகளும் நினைவுநூல்களும் வந்திருப்பதற்கும், லாரிக்காரர் பற்றி அதிகம் வராததற்கும் காரணம் இதுவே. ஆலைத் தொழிலாளி ஒரே கதவு வழியாக உள்ளே போனார், ஒரே தெருவில் குடியிருந்தார். ஓட்டுநர் எங்கும் முழுதாக இருந்ததில்லை.

மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு, கானாவைப் பற்றியது: இரவெல்லாம் இரைச்சல், குடி, சில பாட்டுகளில் ரவுடிகளைத் தூக்கிவைத்தல், பெண்களை இழிவாகப் பேசுதல். இந்தக் குறைகள் உண்மை. அந்தப் பாட்டுகளை நான் ஏற்கவில்லை. ஆனால் ஒருவரைத் தூக்கிவைத்துப் பாடுவது கானாவின் கண்டுபிடிப்பு அல்ல, மன்னர்களைப் பாடிய காலத்திலிருந்தே நம்மிடம் உள்ள பழக்கம். இங்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் முறை: இறந்தவரை நெருங்கி அறிந்தவர்களிடம் கேட்டு, அவருக்கு மட்டுமே பொருந்தும் ஒன்றைச் சொல்வது. இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. ஏழையின் வேடிக்கைப் பழக்கத்தை எழுதினால் படிப்பவர் அவரைப் பார்த்துச் சிரிப்பார். மதிப்பைக் கூட்டப் போய் அவரைக் கோமாளியாக்கிவிடுவோம். நம் சினிமாவில் லாரிக்காரரும் கிராமத்தாரும் எத்தனை முறை அப்படி ஆக்கப்பட்டார்கள் என்பதை நினைத்தால் இந்த அச்சம் நியாயமானது. அதைத் தவிர்க்கும் வழியை ஜெயகாந்தன் காட்டியிருக்கிறார். ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலில் நாயகன் ஹென்றியைக் கிராமத்துக்கு ஏற்றிவரும் லாரியின் ஓட்டுநர் துரைக்கண்ணு, ஊரில் வேரும் சாலையில் பிழைப்பும் கொண்டவர். முரட்டுத்தனமும் வெகுளித்தனமும் சட்டென்று எழும் கோபமும் அவரிடம் உண்டு. ஆனால் அவர் முடிவெடுக்கும் இடங்களில் வாசகர் அவரோடு நிற்கிறார், அவரைப் பார்த்து நகைப்பதில்லை. வேறுபாடு எளிது. பழக்கத்தை மட்டும் சொன்னால் கோமாளி, பழக்கத்தோடு அதன் காரணத்தையும் சொன்னால் மனிதர். இராத்திரியில் வண்டியை நிறுத்தினால் சக்கரத்தைச் சுற்றி மூன்று முறை நடந்துவிட்டுத்தான் படுப்பார் என்பது வேடிக்கை. எட்டுப் பத்து டயர்களையும் கையால் தொட்டுச் சூடு பார்க்க அவருக்கிருந்த வழி அது என்று சேர்த்துச் சொன்னால் அது தொழில்.

மூன்றாவது மறுப்பைக் கேட்டால் எனக்கும் தயக்கம் வரும். 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் டிரெய்லரின் சக்கரத்தில் பிள்ளையை இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடம் போய் ஓட்டுநரின் நகைச்சுவையைப் பேசுவது எப்படி? பேச முடியாது, பேசவும் கூடாது. ஆனால் ஒருவரை முழுமையாக நினைவுகூர்வது அவருக்கு நற்சான்று கொடுப்பதாகாது. முழுமையான நினைவில் அவர் கண்ணயர்ந்த இரவும், மயிரிழையில் தப்பிய விபத்தும், தப்பாத விபத்தும் வரவேண்டும். அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் நாள்தோறும் சிறுசிறு சித்திரங்கள் வெளியிட்டது. சமையல்காரர், எழுத்தர், தீயணைப்பு வீரர் என்று ஆளுக்குச் சில வரிகள், ஒவ்வொருவருக்கும் உரிய ஒரு பழக்கம். அதைப் படித்து ஒரு நகரமே அழுதது. பிறகு எழுந்த விமர்சனம், எல்லோரும் இனியவர்களாக, எல்லோரும் சிரித்த முகமாக இருக்கிறார்கள், கசப்பான ஒருவர்கூட இல்லையா என்பது. சரியான விமர்சனம்தான். கசப்பை நீக்கினால் விசித்திரமும் பொய்யாகிவிடும். ஓட்டுநர்களைப் பற்றி எழுதும்போது தூக்கமின்மையையும் வேகத்துக்கு நெருக்கும் வாடகை முறையையும் அவர்கள் வாயாலேயே பதிவுசெய்தால், சாலைப் பாதுகாப்பு பற்றிய அறிக்கைகளில் கிடைக்காத சான்று கிடைக்கும். விபத்தில் பிள்ளையை இழந்தவர்களுக்கும் அது தேவைப்படும் சான்று.

கடைசி மறுப்பு தொழிற்சங்கக்காரர்களுடையது: உயிரோடு இருப்பவருக்குப் படியும் ஓய்வறையும் கழிப்பறையும் இல்லை, செத்தவருக்கு எதற்குப் புகழ் என்பார்கள். முன்னுரிமை எது என்பதில் அவர்களோடு எனக்கு வேறுபாடில்லை. ஓய்வறையும் நினைவும் ஒன்றையொன்று தடுப்பவை என்பதைத்தான் மறுக்கிறேன். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சிங்காரவேலர் கூலியை மட்டும் பேசவில்லை, உழைப்பவருக்கு ஒரு நாளும் ஒரு விழாவும் வேண்டும் என்று கருதினார். எட்டு மணி நேரச் சட்டம் ஏட்டில் இருந்தும் எண்ணூர்ச் சாலையில் இறங்காததற்கு ஒரு காரணம், வரிசையில் நிற்பவர் யார் என்று நகரத்துக்குத் தெரியாமலிருப்பது. போக்குவரத்து நெரிசல் பற்றிய செய்திகளில் அவர் ‘கனரக வாகனம்’. அந்த வாகனத்துக்குள் கடலை விதைக்க லீவு கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்த ஊர், அவருக்குக் கழிப்பறை கட்டுவதைத் தள்ளிப்போடத் தயங்கும்.

செய்ய வேண்டியது பெரிய திட்டம் எதுவும் அல்ல. ஆனந்த விகடனில் பாக்கியம் சங்கர் எழுதிய ‘நான்காம் சுவர்’ தொடர், விளிம்பில் வாழ்பவர்களை ஆளுக்கொரு கட்டுரையாகப் பதிவுசெய்ய முடியும் என்று காட்டிவிட்டது. பழைய லேலண்ட் காமெட் வண்டியைப் பவர் ஸ்டியரிங் இல்லாமல் திருப்பிய தலைமுறை இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. பலர் ஊரில் வரப்போரம் உட்கார்ந்திருக்கிறார்கள், சிலர் திருவொற்றியூரிலும் மணலியிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். லாரி உரிமையாளர் சங்கங்களிடமும் தொழிற்சங்கங்களிடமும் உறுப்பினர் பதிவேடுகள் உண்டு. பகுதி நூலகம் ஒன்றும், இரண்டு கல்லூரி மாணவர்களும், ஒரு கைபேசியும் போதும். கேள்விகளை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எத்தனை ஆண்டு ஓட்டினீர்கள் என்று தொடங்கினால் பதாகையில் உள்ளதுதான் கிடைக்கும். வண்டிக்கு என்ன பெயர் வைத்திருந்தீர்கள், எந்த வளைவை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள், முதலாளியை வாயடைக்க வைத்தது எப்போது, எந்த மழைக்கு லோடை விட்டுவிட்டு ஊருக்கு ஓடினீர்கள், யாருக்கும் சொல்லாமல் எதற்குப் பயந்தீர்கள் என்று கேட்க வேண்டும். அதே கேள்விகளை ஊரில் ஏர் ஓட்டிய கூட்டாளியிடம் ஒரு முறையும், ஜீரோ கேட் பஞ்சர் கடைக்காரரிடம் ஒரு முறையும் கேட்டு, இரண்டு பதில்களையும் ஒரே தாளில் எழுதிவிட வேண்டும்.